போர்டிகோவுக்குப் பூஜ்யம்

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்ப்பது என் வேலை. சுவர், தூண், தளம் ஒவ்வொன்றுக்கும் இது செங்கல், இது கான்கிரீட் என்று சொல்லி வைத்துவிட்டால், அதையெல்லாம் தயாரித்துக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கும் என்று மாடலே கணக்குப் போட்டுவிடும். தில்லைநகர் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வீடுகளுக்கெல்லாம் அதைக் குறைக்கச் சொல்லி உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கு, ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு கட்டும் யோகம் வந்தது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பேப்பர் திருத்த மாடியில் ஒரு சின்ன அறை. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில்தான் திருத்துகிறாள். சாம்பார் சொட்டிய விடைத்தாளுக்காக ஒரு பையனின் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். நான் கேட்டது கார் நிறுத்த ஒரு போர்டிகோ. அது தூணே இல்லாமல் நிற்க வேண்டும். தூண் இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிடுவேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து அவளுக்கு மாடலைக் காட்டினேன். வாயு அதிகமாக வரும் பாகம் சிவப்பு, குறைவாக வருவது பச்சை. மாடி அறை நன்றாகவே சிவந்திருந்தது.

"பாரு, இந்த ரூமை எடுத்துட்டா எவ்வளவு குறையுது" என்றேன். பூமியை நினைத்து முகத்தைச் சோகமாகவும் வைத்துக்கொண்டேன்.

படத்துக்குப் பக்கத்தில் இருந்த கணக்குப் பட்டியலை அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். "ஏங்க, போர்டிகோவுக்கு நேரா பூஜ்யம்னு இருக்கே. அதை மட்டும் காத்துலயா கட்டப் போறீங்க?"

அவசரத்தில் வரைந்துவிட்டு, எந்தப் பொருள் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சொல்லாத பொருளுக்கு மாடல் கணக்குப் போடாது. அவள் எதிரிலேயே கான்கிரீட், கம்பி என்று நிரப்பினேன். தூணில்லாமல் நிற்பதற்குக் கம்பி ஏகத்துக்கும் வேண்டியிருந்தது. போர்டிகோ அவள் அறையைவிட அதிகமாகச் சிவந்தது.

"விடையை முதல்லயே முடிவு பண்ணிட்டு கணக்கு எழுதுற பசங்க எங்க கிளாஸ்லயும் இருக்காங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. போர்டிகோவுக்குப் பொருள் சொல்ல மறந்தது கைத்தவறுதான். ஆனால் எதையாவது குறைக்க வேண்டும் என்றதும் முதலில் அவள் அறைக்குத்தான் என் கை போயிருந்தது.

போர்டிகோ போயிற்று, அறை வந்தது. கார் இப்போது புங்கமரத்தடியில் நிற்கிறது. காக்கை எச்சத்தைத் தினமும் நான்தான் துடைக்கிறேன். பரீட்சை சமயத்தில் அவள் எனக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். மேஜை முழுக்க எனக்கே. இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

அவள் நிமிராமலே சிவப்புப் பேனாவால் வாசலுக்கு வெளியே கடைசிப் படியைக் காட்டினாள்.

"அங்கயே உக்காந்து சாப்பிடுங்க. பேப்பர்ல சாம்பார் பட்டுடும்."