ஏரிக்குள் வீடு வாங்கிய புவியியல் வாத்தியார்

பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் கோதாவரி ராஜஸ்தானில் ஓடிக்கொண்டிருந்தது. அரை மதிப்பெண்ணாவது போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மெட்டுகுடா வீட்டிலிருந்து விசாலாட்சி மேடத்தின் மகன் அழைத்தார். "அம்மா காலையில போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." மேடம் திருத்தியிருந்தால், "விடைக்குப் பூஜ்யம், ராஜஸ்தான் மேல வச்ச இரக்கத்துக்கு ஒண்ணு" என்றிருப்பார். நானும் ஒன்று போட்டேன்.

இந்தப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், மேல்நிலை வகுப்புப் புவியியலை நாங்கள் இருவரும் பாகம் பிரித்திருந்தோம். பாறை, ஆறு, மழை அவருக்கு. மக்கள்தொகை, குடியிருப்பு, சாலை எனக்கு. "மேல இருக்கிறது உங்க பாடம் தம்பி, கீழ இருக்கிறது என்னோடது. கீழ சரியில்லேன்னா உங்க பாடம் நனைஞ்சுடும்" என்பார். வம்புக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டு, கொண்டாப்பூர் பக்கம் தரைத்தளத்தில் வீடு வாங்கினேன். முதல் பெருமழையில் சோபா மிதந்தது. பழைய நிலவரைபடத்தை எடுத்துப் பார்த்தால், என் படுக்கையறை ஏரிக்கு நட்டநடுவில்! வெளியே சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளோடு மேடத்திடம் மட்டும் சொன்னேன்.

அந்த ஆண்டுதான் பிரின்சிபால் அறிவித்தார்: பதினொன்றாம் வகுப்பில் பத்துப் பேர் சேராவிட்டால் புவியியல் பிரிவு கிடையாது. மேடம் ஓய்வுபெற இருந்தார். வேலை போகப்போவது எனக்கு. சேர்ந்திருந்ததோ நாலு பேர்.

பெற்றோர் கூட்டத்தில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு அப்பா எழுந்தார். "மேப் எல்லாம் ஃபோன்லயே இருக்கே மேடம், இதைத் தனியா எதுக்குப் படிக்கணும்?"

உப்பலில் இருந்து வந்திருந்த ஓர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். "ஹவ், ஆமா மேடம், எங்க பையன் ஆசைப்பட்டான். நான்தான் நக்கோ, வேணாம்னுட்டேன்."

நான் வேலைவாய்ப்புப் பட்டியலைத் தேடித் தடுமாற, மேடம் அந்தப் பழைய வரைபடத்தை மேசைமேல் விரித்தார். "போன மழைக்கு யார் யார் வீட்டு பேஸ்மென்ட்ல தண்ணி வந்துச்சு?" ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. ஐ.டி. அப்பாவின் கையும் அதில் உண்டு.

"வாங்க. உங்க அபார்ட்மென்ட் எங்க, காட்டுங்க."

அவர் விரல் நீலத்தில் போய் நின்றது. "வாங்கறப்ப ஒருத்தரும் சொல்லலையே மேடம்!"

"சொல்றதுக்கு ஆள் வேணும்னுதான் உங்க பிள்ளைங்களைக் கேக்கறோம். வெக்கப்படாதீங்க, எங்க சாரே ஏரியிலதான் வாங்கியிருக்கார். எழுந்திருங்க தம்பி, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்தேன். என் வாழ்நாளில் எந்தச் சொற்பொழிவுக்கும் அப்படிச் சிரிப்பு கிடைத்ததில்லை. உப்பல் பையனையும் சேர்த்துப் பதினோரு பேர் சேர்ந்தார்கள்.

"என் மானத்தை வாங்கிட்டீங்களே மேடம்" என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"மானம் போனா என்ன, வேலை இருக்குல்ல? போய் கிளாஸ் எடுங்க."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, நம் முட்டாள்தனத்தை முதலில் நாமே சொல்லிவிடும் அந்தத் துணிச்சலை. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், புத்தகத்தைத் திறக்கும் முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ஒரு பெண் கேட்டாள்: "வாங்கறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டிருக்கலாமே சார்?"

கேட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.