செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலி

போன வாரம் கிருஷ்ணகிரி வீட்டுச் சமையலறையில் புதிதாக ஓர் எல்இடி பல்பு மாட்டினேன். ஓடிக்கொண்டிருந்த பழைய ரேடியோ உடனே எண்ணெயில் கடுகு விழுந்ததுபோலப் பொரிய ஆரம்பித்தது. பல்பை அணைத்தால் நின்றது. மனைவி சிரித்தாள். எனக்கு முனிராஜண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜூஜுவாடியில் அவர் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தேன். தெலுங்கும் கன்னடமும் கலந்த அவர் தமிழ் சாமல்பட்டிக்காரனான எனக்குப் பிடிபடவே கொஞ்சநாள் ஆனது. கம்பெனியில் ஆசிட் தெறித்து இரண்டு கண்ணும் போனவர். மனைவி லட்சுமக்கா ஷிப்டுக்குப் போய்விட்டால் பகலெல்லாம் தனியாகத்தான் இருப்பார். கண்ணாடி கழற்றிய கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். செய்திக்கு முன்னால் ரேடியோவில் பீப் பீப் என்று மணி சொல்லும் அல்லவா, அதைக் கேட்டு விரலால் முள்ளைத் தடவித் திருத்திக்கொள்வார். உடனே முகம் தெளியும்.

"இப்ப ஊரே இதக் கேக்குது தம்பி. நானும் கேக்கறேன்" என்பார்.

ஒரு கோடையில் பக்கத்து மனையில் வெல்டிங் பட்டறை வந்தது. பொறி பறக்கும்போதெல்லாம் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல். பீப் ஒலி அதில் முழுகிப்போனது. நான் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் இல்லையா, பெரிய ஆள்போலத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நீளமாக ஏரியல் கம்பி கட்டினேன். இரைச்சல்தான் இன்னும் நன்றாகக் கேட்டது.

கடைசியில் பட்டறைக்காரரிடம் போய் நின்றேன். "அண்ணனுக்கு நேரம் தெரியறது ரேடியோவுல மட்டுந்தாங்க" என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? செய்தி நேரத்துல கைய எடுத்துடறோம்" என்றார்.

சொன்னபடி செய்தார். மதியச் செய்திக்கு முன்னால் பட்டறை அடங்கும். பீப் ஒலி சுத்தமாக வரும். அண்ணன் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கும்பிடுவார்.

மழைக்காலத்துக்குள் எதிரே பிளாஸ்டிக் கம்பெனி, பின்னால் லேத், தெரு முழுக்க மெஷின். யார் யாரிடம் போய்க் கேட்பது? பேசும் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் மணி சொன்னது. மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இது எனக்கு மட்டும் சொல்லுது தம்பி" என்று கீழே வைத்துவிட்டார். ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கரகரப்பையே கேட்டுக்கொண்டிருந்தார். லட்சுமக்கா பிடுங்கப் போனால், "இரு, இப்ப வரும்" என்பார்.

கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்தபின் ஒருமுறை பார்க்கப் போனேன். ரேடியோவைக் காணோம். கையில் கடிகாரமும் இல்லை. "சாவி கொடுக்கறதையே விட்டுட்டாருப்பா" என்றார் அக்கா. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இப்ப பகலா?"

உச்சிவெயில் வாசல் ஷீட் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. "பகல்தாண்ணா" என்றேன். "ம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கோடைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பல்பு மாட்டிய மறுநாள் ஜூஜுவாடிக்குப் போனேன். அக்கா அத்திப்பள்ளியில் தங்கையோடு இருப்பதாகச் சொன்னார்கள். வீடு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அந்தப் பட்டறைக்காரரைப் பற்றி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஒரு நொடிகூட அந்தத் தெரு அடங்கவில்லை.