தகரத்தைக் கீழே போட்டவள்

என் அண்ணி அய்சானெமுக்கு ஆரல் கடலின் மேற்குக் கரையில், உப்புத் தண்ணீரைச் சோதிக்கிற கூடத்தில் வேலை. அண்ணன் தொரெபாய்க்கு அதே தண்ணீரில் இறால் முட்டை அள்ளுகிற வேலை. மூட்டைகளை லாரியில் ஏற்றிப் போகிறவன் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஒருநாள் டீ குடிக்கப் போனவனை அண்ணி பிடித்து நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள்.

"நீ தினம் கால் கழுவுற தண்ணியில யாரு குடியிருக்காங்கன்னு பாரு."

கடல் தண்ணீர் ஒரு துளி. அதை ஒட்டி, அவள் கஞ்சி மாதிரி கெட்டியாக்கின தண்ணீர் இன்னொரு துளி. சிவப்புப் பொட்டுகள், மயிரிழை போன்ற இரண்டு கைகளை வீசி விறுவிறுவென்று நீந்தின. கெட்டித் துளியின் ஓரத்துக்குச் சாய்வாக வந்தவை திரும்பிப் போய்விட்டன. நேராக வந்தவை உள்ளே புகுந்தன. புகுந்தவை அதற்குமேல் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

"செத்துப்போச்சா அண்ணி?"

"எங்க செத்துது? கையப் பாரு, வீசிக்கிட்டேதான் இருக்கு. போய்க்கிட்டிருக்கோம்னு நெனப்பு, பாவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு லாரிக்குப் போனேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்கும் மேட்டுக்கும் நடுவே மேலே உப்பு, கீழே ஆளை இழுக்கிற களிச் சேறு. உப்புக் காற்று அடித்து ஊரே வெள்ளையாகிவிட்டால், வெளியே போனவருக்குக் கரை தெரியாது. அப்போது யாரும் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் ஆள் குரலைப் பார்த்து நேராக வருவான், களியில் இறங்கிவிடுவான். தகரத்தைத் தட்டிக்கொண்டே மேட்டோரமாக நடக்கவேண்டும். சத்தம் நகர நகர, அவனும் சாய்ந்து சாய்ந்து வருவான். காலடியில் மண் இளகினால் ஒதுங்கிக்கொள்ளலாம்.

அந்த மத்தியானம் அப்படித்தான் காற்று வந்தது. அண்ணன் மட்டும் தண்ணீர்ப் பக்கம் மாட்டிக்கொண்டான். அண்ணி தகரத்தைத் தட்டிக்கொண்டு நடந்தாள், நான் கூடவே நடந்தேன். வெள்ளைக்குள் ஒரு நிழல் தெரிந்தது. ஒழுங்காகச் சாய்ந்துதான் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அது மறைந்தது. அண்ணி நின்றுவிட்டாள். தகரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"இங்க இருக்கேன்! வாங்க! இங்கதான் இருக்கேன்!"

நிழல் மறுபடி தெரிந்தது. எங்களைப் பார்த்துத் திரும்பியது, நேராக வந்தது.

கொஞ்சம் காற்று விலகியபோது அண்ணன் இடுப்பு வரை களியில் இருந்தான். கைகளை வீசிக்கொண்டிருந்தான். முகத்தில் பயமே இல்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்கமுடியவில்லை.

"ஆடாதண்ணே! அப்படியே நில்லு!" என்று கத்தினேன்.

"என்னடா நில்லு? வந்துட்டேன்ல? இதோ, வந்துட்டேன்!"

நான் வீசின கயிறு எட்டவில்லை. லாரியிலிருந்த பலகைகளை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது வெள்ளை மறுபடி மூடியிருந்தது. காற்று அடங்கியபிறகு பார்த்தால் களி, வழித்துவிட்ட பாத்திரம் மாதிரி கிடந்தது; அண்ணன் இல்லை. பக்கத்தில் அண்ணி, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போய், உட்கார்ந்திருந்தாள்.

அவள் இப்போதும் அந்தக் கூடத்துக்குத்தான் போகிறாள். கெட்டித் துளி மட்டும் வைப்பதில்லை. வெள்ளைக் காற்று அடித்தால் எழுந்து மேட்டுக்குப் போய்விடுவாள். யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். தகரத்தைத் தட்டிக்கொண்டே, "சாஞ்சு வாங்க... நேரா வராதீங்க..." என்று முனகிக்கொண்டே நடப்பாள்.

திட்டி இழுத்துவரத்தான் போன இலையுதிர்காலத்தில் நானும் போனேன். தகரம் ஓய்ந்த ஒரு நொடியில், களிப் பக்கத்திலிருந்து கேட்டது.

"வந்துட்டேன். இதோ, வந்துட்டேன்."

அலுப்பில்லாத, சந்தோஷமான குரல். அன்றைக்கு எவ்வளவு தூரத்திலிருந்து கேட்டதோ, அதே தூரத்திலிருந்து.