தோற்பதற்காக மயிலாப்பூர் வரை

சென்னை மயிலாப்பூரில், லஸ் அருகே ஒரு பூங்காவில் மாதக் கடைசி ஞாயிறன்று நாங்கள் ஐந்து பெண்கள் கூடுவோம். கற்றல், மாற்றம், சமூகம் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வந்து வாதாடுவோம். எந்த வயதிலும் எதையும் கற்கலாம் என்றது ஜூன் மாதப் புத்தகம். அது விற்பதற்கான பேச்சு என்றேன் நான்.

"அப்படியா? பொங்கலுக்குள்ள ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டு இங்க வா, சுதா. வந்துட்டா நீ தோத்தே" என்றாள் தோழி ரஹீமா.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரி நாட்களில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. விழுந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான்.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, உரிமமும் வாங்கி, மார்கழி ஞாயிறு ஒன்றில் காலை ஆறரைக்கு வேளச்சேரியிலிருந்து கிளம்பினேன். தரமணி, மத்திய கைலாஷ், அடையாறு, மந்தைவெளி வழியாகச் சுமார் பத்து கிலோமீட்டர்.

கற்பவரைத் தனியே அழைத்து மென்மையாகத் திருத்த வேண்டும் என்கிறது அந்தப் புத்தகம். அதை எழுதியவர் அடையாறு சிக்னலில் நின்றதில்லை. பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு தலை நீண்டது.

"இன்னா மேடம், கைலாஷ்லேர்ந்து ரைட்டு ரைட்டுன்னு கண்ணடிச்சிக்கினே வர்றே. எப்பதான் திரும்புவே?"

இண்டிகேட்டரை அணைக்க மறந்திருந்தேன். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. முப்பது ஆண்டுகளாக நான் பயந்தது இதற்குத்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்த ஆட்டோவிலேயே ஏறினால் இருநூறு ரூபாய்; வாதத்திலும் ஜெயித்துவிடலாம்.

"பச்சை வுழுந்துச்சி பாரு. கெளம்பு மேடம், பொண்ணு பாக்கவா வந்துகீறே?"

கிளம்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டைவிரல் தானாகவே இண்டிகேட்டரை அணைத்தது. பயிற்சிப் பள்ளியில் எத்தனை முறை சொல்லியும் வராத பழக்கம் அது.

ஏழு இருபதுக்குப் பூங்கா வாசலில் ரஹீமா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "வந்துட்டியாடி! ஒத்துக்கிறியா?"

"தோத்தேன். ஆனா மென்மையாத் திருத்தணும்னு எழுதியிருக்கான் பாரு, அது தப்பு."

"தோத்தாலும் இவ வாய் மட்டும் கொறையாது!" என்றாள் ரஹீமா, மற்ற மூவரின் பக்கம் திரும்பி.

இத்தகைய புத்தகங்களை இன்னமும் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். ஜூன் மாதப் புத்தகத்தில் பாதி சரி. பயம் போய்விடும் என்றது. போகவில்லை, என்னோடு மயிலாப்பூர் வரை வந்தது.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு: ஞாயிறு ஏழரைக்குள் அடையாறு பாலத்தைத் தாண்டிவிடுங்கள். தியாகராய நகர்ப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். வண்டி நிறுத்தப் பூங்காவின் பின்தெருவில் நிழலும் உண்டு, இடமும் உண்டு. நான் வாசலிலேயே நிறுத்தினேன், எல்லோரும் பார்க்கும்படி.