கட்டைவிரல் காட்டிய ஊற்று

என் அப்பா விராட்மோ நில அளவையாளர். மெர்பாபு எரிமலையின் வடக்குச் சரிவை வரைபடத்தில் ஏற்றியவர். முப்பத்தோர் ஆண்டு வேலையில் அவர் ஒப்புக்கொண்ட பிழை ஒன்றுதான். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். இனி நான்தான் சொல்ல வேண்டும்.

1983 ஆகஸ்ட். செலோகிரி என்ற சிற்றூரில் தண்ணீர் இல்லை. மேலே காட்டில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அரசு குழாய் போட வேண்டுமானால் அது வரைபடத்தில் இருக்க வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் மரங்கள் மட்டுமே தெரிந்தன. வரைபடத் தாள் சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வியாழனன்று, புல்கட்டோடு வந்த அந்த ஊர்க் கினெம் அத்தையிடம் அப்பா ஊற்று எங்கே என்று கேட்டார். அத்தை மலைப்பக்கம் கட்டைவிரலை நீட்டினார். அப்பா அந்தத் திசையைக் கருவியில் அளந்து, தாளில் ஒரு பள்ளத்தின் மேல் நீலப் புள்ளி வைத்தார்.

நாங்கள் மலையைத் தாத்தா என்போம். அதை நோக்கிச் சுட்டுவிரல் நீட்ட மாட்டோம், அது மரியாதைக் குறைவு; கட்டைவிரல்தான். கை நீட்டிப் பிடித்த கட்டைவிரலின் அகலம் இரண்டு பாகை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி அது எழுபது மீட்டர். அந்த எழுபது மீட்டருக்குள் இரண்டு பள்ளங்கள்.

வெள்ளி காலை அப்பா சரிபார்க்கப் போனார். புள்ளி வைத்த இடத்தில் வெறும் கரிமணல். நேராக அத்தை வீட்டுக்கு இறங்கி வந்தார்.

“அக்கா, ஒரே ஒரு தடவை சுட்டுவிரலால காட்டுங்க.”

“தாத்தாவையா? உன் மாமனாரை அப்படிக் காட்டுவியா நீ?”

“நாளைக்குத் தாள் போயிடும். தப்பான பள்ளத்துக்குக் குழாய் போயிடும்.”

“விரலால காட்ட மாட்டேன். நடந்து காட்டுறேன், வா தம்பி. கருவிப் பெட்டிய நீயே தூக்கிக்க.”

பெரணிப் புதர்களுக்குள் மூன்று மணி நேரம் ஏறினார்கள். அப்பா இரண்டு முறை விழுந்தார்.

“ஊரையே வரையிறவருக்குத் தரை தெரியலையாக்கும்!”

அடுத்த பள்ளத்தில், பாறைக்கு அடியில், ஊற்று. ஊரைவிட நூற்றறுபது மீட்டர் உயரம். பம்பு வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கும். அப்பா அங்கேயே பழைய புள்ளியை அழித்துப் புதியதை வைத்தார்.

மறு ஆண்டு குழாய் வந்தது. அப்பா பார்க்கப் போனார். “நீ வரைஞ்ச தண்ணி, குடி” என்று அத்தை குவளையை நீட்டினார். மூன்று குவளை குடித்ததாக அப்பா சொல்வார்.

போன வாரம், அப்பா இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு அத்தை வந்தார். “மூணா? அஞ்சு! நான்தானே ஊத்துனேன்” என்றார்.

ஐந்து என்றே திருத்திக்கொண்டேன்.