ஐயா நேராக்கிய முடக்கு

எங்கள் ஐயா உரும்பிராயில் பிறந்தவர். ஆனால் அவர் வாழ்க்கையை எழுதப்போனால், அவர் வேலை செய்த வெளிநாட்டுப் பொறியியல் கொம்பனியின் வரலாறும் கூடவே வந்துவிடுகிறது. மலைநாட்டில் அவர்கள் அணை கட்டியபோது அண்ணா பிறந்தார். கிழக்கில் பாலம் போட்டபோது நான். இரண்டு முறையும் ஐயா லீவு கிடைத்து வந்துசேர முன்பே பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று. "உங்கடை ஐயா எனக்கு முதலே கொம்பனிக்குத் தாலி கட்டினவர்" என்று அம்மா சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பிலிருந்த மனவருத்தம் எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது.

யுத்தம் முடிந்தபின் எங்கள் பகுதி வீதிகளை அகலமாக்கும் வேலை அதே கொம்பனிக்குக் கிடைத்தது. நாடு முழுக்க வேலை செய்தவர் கடைசியில் சொந்த ஊருக்கே மேற்பார்வையாளராக வருகிறார் என்று நாங்கள் பூரித்துப்போனோம்.

எங்கள் பக்கத்து வீடு ஐயாவின் தம்பியுடையது. அவர் வாசலில் வீதி பொல்லாத முடக்காகத் திரும்பும். அதை நேராக்க ஏதாவது ஒரு பக்கத்தில் காணி எடுக்கவேண்டும். எதிர்ப்பக்கம், அயலார் குடிக்க அள்ளும் கிணறு. இந்தப் பக்கம், சித்தப்பா இடம்பெயர்ந்து திரும்பிவந்து ஆசையாகக் கட்டிய மதில். ஐயா மதில் பக்கமே எல்லைக் குற்றி அறைந்தார்.

"ஊருக்கு நல்லவர். எனக்கு மட்டும் கொம்பனிக்காரன்" என்றார் சித்தப்பா. அதோடு பேச்சு நின்றது.

ஓய்வு பெற்றபின் ஐயா மாலையில் கேற்றடியில் கதிரை போட்டு இருப்பார். சித்தப்பா சைக்கிளில் போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். நீங்களே போய்க் கதைத்தால் என்ன என்று அம்மா கேட்டால், செய்தது பிழையில்லையே, எதற்கு மன்னிப்புக் கேட்பது என்பார். எத்தனையோ ஆறுகளுக்குப் பாலம் போட்டவருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஆனால் பொழுதுபட்டதும் என்னிடம் சொல்வார்: "கேற்றைப் பூட்டாதை பிள்ளை. அவன் ஒருநாளைக்கு வருவான்."

ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அம்புலன்ஸ் அந்த முடக்கு இருந்த இடத்தைத் தடங்கலில்லாமல் கடந்து வந்தது. சத்தம் கேட்டுச் சித்தப்பா கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்து, எங்களுக்கு முன்பே அதில் ஏறினார்.

"அண்ணை, நான் வந்திட்டன். கண்ணைத் திறவுங்கோ."

ஐயா திறக்கவில்லை. அவருக்குக் கேட்டதோ என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வேதனை எங்களோடு இருக்கும்.

ஐயாவுக்காகப் பாடுபட்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த கொம்பனி நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி எழுதக்கூடாதாம், அவர் எங்கள் வீட்டு ஆள் என்கிறார் அம்மா. அவர் இப்போது நாள்தோறும் வருகிறார். கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார், நின்றபடியே கதைத்துவிட்டுப் போகிறார்.

ஐயா சொன்னபடி சித்தப்பா வந்தார். ஐயாதான் இல்லை.