ஒலியுல்லாவின் பலகையில் ஏறாத கல்யாணம்

14-1-1951. பலகை ஒன்று, தச்சுக்கூலி உட்பட: ரூ. 7-8-0.
9-8-1953. லட்டு, இரண்டு வீசை: ரூ. 4-12-0.
17-8-1953. அச்சடித்த சீட்டு, ஐந்நூறு: ரூ. 6-0-0.
2-6-1958. கன்னிவாடிக்குச் சீட்டு ஒன்று, லாரியில்: செலவில்லை.
15-6-1958. பஸ் வாடகை, போக வர: ரூ. 110.00.

ஒலியுல்லாவின் நோட்டில் உள்ள கணக்குகளில் இந்த ஐந்து வரிகள் மட்டும் ஒரே கதையைச் சேர்ந்தவை.

கொடைக்கானல் பஜாரில் அவருக்குக் கம்பளிக்கடை. ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய், குடை, டார்ச் பேட்டரி எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எதையும் வாங்க வருகிறவர்கள் அல்லர். கடை வாசலில், மழைச்சாரல் படாதபடி தகரக் கூரைக்கு உள்ளடங்கி ஒரு கரும்பலகை தொங்கியது. ஊரில் என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

1951 பொங்கலன்று அவர் எழுதிய முதல் செய்தி, "இன்று சந்தை உண்டு" என்பது. பண்டிகையும் ஞாயிறும் ஒன்றாக வந்ததால் சந்தை கூடுமா கூடாதா என்று காலையிலிருந்து நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லி வாய் வலித்துப்போய், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் பலகை ஒன்று அடிக்கச் சொன்னார். அதன் பிறகு ஊரே செய்தி கொண்டுவர ஆரம்பித்தது. ஏரியில் படகுப் போட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் கால்பந்து, பள்ளிவாசலில் மவுலூது ஓதல், சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு, குறிஞ்சியாண்டவர் கோயிலில் விசேஷ பூஜை, அம்மை குத்தும் நாள், வத்தலக்குண்டு பஸ் அரைமணி முன்னதாகக் கிளம்பும் சேதி, காணாமல் போன வெள்ளைக் குதிரை, பிறகு அது கிடைத்த விவரம். காலை ஏழு மணிக்குள் எழுதி முடித்துவிடுவார். தேதி, கிழமை, நேரம், இடம் என்ற நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தச் செய்தி பலகையில் ஏறாது.

நாளடைவில் ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. பலகையில் இருந்தால் அது உண்மை. பலகையில் இல்லையென்றால், நேரில் பார்த்தவன் சொன்னாலும், "பாய் எழுதலையே" என்று ஊர் தலையை ஆட்டிவிடும்.

லட்டு விவகாரம் 1953-ல் வந்தது. உருளைக்கிழங்கு வியாபாரி வேலப்பன், தன் மகனுக்குப் பழனியில் பெண் நிச்சயமாகிவிட்டது என்று சொல்ல, ஒலியுல்லா நம்பி எழுதிவிட்டார். அந்த வாரம் பழனியிலிருந்து பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் பலகையைப் படித்தார். "ஏங்க, நாங்க பொண்ணு தர்றோம்னு இன்னும் சொல்லவே இல்லையே! வீடு பாக்கத்தானே வந்தேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பஜார் முழுக்கக் கூடிவிட்டது. சம்பந்தம் முறிந்துபோகாமல் இருக்க ஒலியுல்லா இரு வீட்டுக்கும் தன் செலவில் லட்டு வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே சீட்டு அச்சடித்தார். செய்தி, தேதி, கிழமை, நேரம், இடம், பொறுப்பாளர் கையெழுத்து என்று வரிசையாக இருக்கும். அடியில், "மேற்கண்ட தகவல் தவறானால் நானே பொறுப்பு" என்று ஒரு வரி. சாதாரணச் செய்திக்கு ஒரு சீட்டு. கல்யாணத்துக்கு மட்டும் பெண் வீட்டுச் சீட்டு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுச் சீட்டு ஒன்று, ஆக இரண்டு.

இந்தச் சட்டத்தை அவர் யாருக்காகவும் தளர்த்தவில்லை. 1958 பிப்ரவரியில் ஏலக்காய்த் தோட்டக்காரர் சேனாதிபதி மகள் கல்யாணச் செய்தியோடு வந்தார். மாப்பிள்ளை வீடு மதுரை.

"என் மக கல்யாணத்துக்கு நான் சொல்றது பத்தாதா பாய்?"

"உங்க மகளுக்கு உங்க சீட்டு பத்தும்ங்க. மாப்பிள்ளை அவுக வீட்டுப் பிள்ளைல்ல?"

சேனாதிபதி முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பி நாலாம் நாள் மதுரைச் சீட்டை வரவழைத்தார். அந்த வருடம் குறிஞ்சி பூக்கும் வருடம். அதை எழுதச் சொல்லி எதிர் டீக்கடை மயில்சாமி தினமும் கேட்டார். "பூக்கும்கிறது தெரியும் மயில்சாமி. என்னைக்குன்னு யாரு கையெழுத்துப் போடுறது?" என்று ஒலியுல்லா மறுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு முப்பத்திநாலு வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. கணவரை இழந்த அக்கா அமீருன்னிசாதான் அவருக்கு வீட்டைப் பார்த்துக்கொண்டார். எட்டு இடம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் தம்பி ஒரு காரணம் வைத்திருந்தார். ஒன்பதாவதாகக் கன்னிவாடிப் புளி வியாபாரி சம்சுல் ஆலமின் மகள் ஆமினாவைப் பற்றி அக்கா பேச்செடுத்தபோது மட்டும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அக்கா, அந்த வீட்டுல கார்டு எழுதுறது யாரு?"

"என்னடா கேள்வி இது?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. கன்னிவாடிச் சந்தை நாள் மாறினாலும், மழையில் ரோடு அடைபட்டாலும் சம்சுல் ஆலமிடமிருந்து கார்டு வந்துவிடும். மலையிலிருந்து காய் இறக்கும் வியாபாரிகளுக்கு அது உயிர்ச்செய்தி. ஐந்து வருடத்தில் அறுபத்தொரு கார்டுகள். எல்லாவற்றிலும் நான்கு விவரங்களும் இருக்கும், ஒரு அடித்தல்கூட இருக்காது. கீழே கையெழுத்து மட்டும் கோணல்மாணலாக, வேறு ஒரு கையால் போடப்பட்டிருக்கும்.

அக்கா விசாரித்து வந்து சொன்னார். "அவுக அத்தாவுக்குக் கண்ணு மங்கல். கடிதாசி, கணக்கு எல்லாம் அந்தப் பொண்ணுதான் எழுதுதாம். ஏன்?"

"சரின்னு சொல்லிரு, அக்கா" என்றார் ஒலியுல்லா. சொன்ன வேகத்தில் அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

மே மாதம் பேசி முடித்தார்கள். கொடைக்கானலில் சீசன் அடங்கியபின், ஜூன் 15, ஞாயிறு, காலை பதினொரு மணிக்குக் கன்னிவாடியில் பெண் வீட்டில் நிக்காஹ் என்று சம்சுல் ஆலம் வாயால் நாள் குறித்தார்.

இனி பலகையில் எழுத வேண்டியதுதான். மாப்பிள்ளை வீட்டுச் சீட்டில் அக்காவின் கையெழுத்தை வாங்கிக் கம்பியில் கோத்துவிட்டார். ஜூன் 2-ம் தேதி, கிழங்கு மூட்டை ஏற்றித் திண்டுக்கல் போகும் லாரி டிரைவர் திருமலைச்சாமியிடம் இன்னொரு சீட்டைக் கொடுத்து, கன்னிவாடியில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். கூட ஒரு வார்த்தை விளக்கமாக எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஐந்து வருடப் பழக்கம், கை தானாகச் சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டது.

மறுநாள் திருமலைச்சாமி வெறுங்கையோடு வந்தார். முகத்தில் மட்டும் சிரிப்பு.

"பாய், பொண்ணோட அத்தா சீட்டைப் படிச்சுக் காட்டச் சொன்னாக. கடைசி வரி வரைக்கும் அமைதியாத்தான் கேட்டாக."

"பெறகு?"

"'தகவல் தவறானால் நானே பொறுப்பு'ன்னு படிச்சேன் பாருங்க, ஆளு எந்திரிச்சுட்டாரு. 'என் மகளைக் கொடுக்கேன்னு சொன்னதுல என்னய்யா தவறான தகவல்? நான் கொடுத்த வாக்கு அந்த ஆளுக்குக் காணாதா? பலகையில ஏறினாத்தான் நிக்காஹ்னா, அந்தப் பலகையையே கட்டிக்கிடச் சொல்லு!' அப்படீன்னாரு. சீட்டை உள்ள வீசிட்டாரு. நான் லாரிய எடுத்துட்டேன்."

மயில்சாமி டீ ஆற்றிக்கொண்டே இதைக் கேட்டுவிட்டார். மயில்சாமி கேட்டால் பஜார் கேட்ட மாதிரி. மாலைக்குள் சேனாதிபதி வரை போய்விட்டது. அவர் வேலை மெனக்கெட்டு டீக்கடைக்கு வந்து, பலகையைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் ரெண்டு சீட்டுக் கேட்ட மனுசன், தன் கல்யாணத்துக்கு ஒரு சீட்டுக்கு அல்லாடுறாரே! என்ன மயில்சாமி, பாய் சட்டத்தை மாத்துவாரா, பொண்ணை மாத்துவாரா?"

"ரெண்டையும் மாத்த மாட்டாருங்க. டீக்குச் சர்க்கரை போதுமா பாருங்க" என்றார் மயில்சாமி.

உள்ளே கம்பளி மடித்துக்கொண்டிருந்த ஒலியுல்லாவுக்குச் சிரிக்க முடியவில்லை. பஜாரில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கன்னிவாடிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது யாரைக் கேட்டாலும், "பலகையில வரட்டும் பாய், ஒரே அடியாக் கெளம்பிருவோம்" என்றார்கள். பஸ்காரர்கூட முன்பணத்தை வாங்கவில்லை. பன்னிரண்டாம் தேதி சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் பஸ் வேறு வாடகைக்குப் போய்விடும் என்றார். அதெல்லாம்கூடப் போகட்டும். அந்த வீட்டில் இன்னும் சம்மதம் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எட்டாம் தேதி காலையில் அமீருன்னிசா கடைக்கே வந்துவிட்டார். வெளியே பனிமூட்டம், எதிர்க்கடை தெரியவில்லை.

"ஏலே, ஒரு நாளைக்கு அந்தச் சட்டத்தை மடிச்சு வையி. உன் கடை, உன் பலகை, உன் கல்யாணம். எழுதுறா. ஊரு கெளம்பி வந்தா அந்த மனுசன் கோவமும் அடங்கிரும்."

ஒலியுல்லா சாக்கட்டியை எடுத்தார். "15-6-1958, ஞாயிறு, காலை 11 மணி, கன்னிவாடி" வரை எழுதினார். அதோடு நிறுத்திவிட்டார்.

"வேலப்பனும் நம்பித்தான்க்கா சொன்னாரு" என்றார். துணியை எடுத்துத் துடைத்துவிட்டார்.

"அப்ப அந்தப் பலகையையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து!" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். போகும்போது ஒரு மப்ளரையும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பகலில் கடையை வெள்ளனே அடைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். சம்சுல் ஆலம் பெயருக்குத்தான். யார் படித்துக்காட்டுவார்கள் என்பது தெரியும் என்பதால் நாலு முறை திருத்தி எழுதினார்.

"சீட்டு அனுப்பியது என் தவறு. அது குதிரை காணாமல் போனதற்கும் கிழங்கு ஏலத்துக்கும் அடித்த சீட்டு. உங்களுக்கு அனுப்பும்போது நான் யோசித்திருக்க வேண்டும். உங்கள் வாக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லோரிடமும் கேட்டதை என் காரியத்துக்கு மட்டும் கேட்காமல் எழுத என் கை வரவில்லை. ஆகவே பலகையில் எழுதாமலே வருகிறேன். அக்காவும் நானும் மட்டும் வந்தாலும், 15-6-1958 ஞாயிறு காலை 11 மணிக்கு உங்கள் வாசலில் இருப்பேன். சம்மதம் மாறியிருந்தால் ஒரு வரி போதும்."

ஒன்பதாம் தேதி திருமலைச்சாமி இதைக் கொண்டுபோனார். பதிலுக்கு நிற்கவில்லை. "புளி மண்டி கல்லாவுல வச்சிட்டு ஓடியாந்துட்டேன் பாய். நின்னிருந்தா அடுத்த வசவு எனக்கு."

பத்து, பதினொன்று, இரண்டு நாளும் தபாலில் ஒன்றும் இல்லை. பலகையில் தடுப்பூசி முகாமும் கால்பந்து இறுதி ஆட்டமும் ஒழுங்காக ஏறின. பன்னிரண்டாம் தேதி தபால்காரர் கடைக்குள் வந்து ஒரு கவரை நீட்டினார். மேலே, "ஒலியுல்லா அவர்கள், கம்பளிக்கடை, கொடைக்கானல்" என்று அந்தப் பழகிய எழுத்து. எதிரே சேனாதிபதியும் மயில்சாமியும் பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்கள்.

உள்ளே கசங்கி, மறுபடி நீவப்பட்ட அதே சீட்டு இருந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. பொறுப்பாளர் கையெழுத்து: ஆமினா. கூட ஒரு கடிதம்.

"அத்தா கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துக்காட்டச் சொன்னார்கள், மூன்றாம் முறை சிரித்தார்கள். ஆனால் கோபம் போய்விட்டதென்று பதினைந்தாம் தேதி வரை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கல்யாணம் எனக்கு. ஆகவே பொறுப்பாளர் நானே.

"நேரத்தைக் கவனிக்கவும். உங்கள் கடிதத்தில் 11 மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தா வாய் தவறிச் சொன்னது அது. நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத் காலை 10 மணிக்கே வருகிறார். நான் சீட்டில் எழுதியிருக்கும் 10 மணியே சரி. சீட்டு இல்லாமல் நீங்கள் எழுதியிருந்தால் ஊர் முழுவதும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கும்."

ஒலியுல்லா அந்தக் கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தபோது காது வரை சிவந்துவிட்டார். பிறகு மாப்பிள்ளை வீட்டுச் சீட்டில் இருந்த 11-ஐ 10 என்று திருத்திவிட்டுச் சாக்கட்டியோடு வாசலுக்கு வந்தார். கால்பந்தை ஓர் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, நடுவில் பெரிய எழுத்தில் எழுதினார். பத்து மணி என்பதற்குக் கீழே கோடு போட்டார்.

சேனாதிபதி கிட்ட வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ரெண்டு சீட்டும் இருக்கா பாய்?"

"இருக்குங்க."

"காட்டுங்க பாப்போம்."

காட்டினார். சேனாதிபதி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "சரியாத்தான் இருக்கு. பஸ்ல எனக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டுப் போட்ருங்க."

"ஏலே மயில்சாமி, வெரசாப் போயி பஸ்காரரைப் புடி!" என்று கத்தினார் அதற்குள் வந்து சேர்ந்த அமீருன்னிசா. கழுத்தில் அந்த மப்ளர் இருந்தது.

பதினைந்தாம் தேதி விடியுமுன் பஸ் கிளம்பியது. போனவர்கள் நாற்பத்தாறு பேர். ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்ற சம்சுல் ஆலம் மங்கிய கண்ணைச் சுருக்கி, "மாப்பிள்ளை, பலகையையும் கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

அந்த ஆகஸ்டில் குறிஞ்சி மலைச்சரிவெல்லாம் நீலமாகப் பூத்தது. பலகையில் அந்தச் செய்தியை எழுதியது ஆமினாவின் கை. சீட்டில் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டவர் மயில்சாமி. அதன் பிறகு பலகையில் பாதிநாள் ஆமினாவின் எழுத்துத்தான்.

கன்னிவாடியிலிருந்து கார்டுகள் தொடர்ந்து வந்தன, ஆனால் வேறு யாரோ எழுதியவை. அடித்தல் திருத்தல் நிறைய. ஆமினா எழுதி அங்கிருந்து வந்த கடைசிக் கடிதம் அந்தக் கவரில் வந்ததுதான். ஒலியுல்லா அதைச் சீட்டுக்கட்டின் மேலேயே வைத்திருந்தார். அதன் பின்புறத்தில், எல்லாத் தபாலுக்கும் குறிப்பதுபோல, ஒரு வரி குறித்திருக்கிறார்: வந்து சேர்ந்தது 12-6-1958, வியாழன்.